அளவுகளின் கதை – 17: அடியில் அணை, லிட்டரில் குழாய்

ஜூலை பிறந்துவிட்டால் புனேவாசிகள் காலையில் முதலில் தேடுவது நான்கு எண்களை. டேம்கர், வரஸ்காவ், பான்ஷேத், கடக்வாஸ்லா என்று நகரத்துக்கு மேற்கே சஹ்யாத்ரி மலையடியில் இருக்கும் நான்கு அணைகளில் எத்தனை டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. 100 கோடி கன அடி) சேர்ந்திருக்கிறது என்ற கணக்கு அது. முழுக் கொள்ளளவு முறையே 3.71, 12.82, 10.65, 1.97. கூட்டினால் 29.15 டி.எம்.சி. அதே பக்கத்தின் கீழ்ப்பாதியில் மாநகராட்சிச் செய்தி இருக்கும்: நாளொன்றுக்கு இத்தனை மில்லியன் லிட்டர் எடுக்கிறோம், போதவில்லை, இன்னும் வேண்டும். மேலே இருப்பது கன அடி, கீழே இருப்பது லிட்டர். இரண்டும் ஒரே தண்ணீர். ஒன்றை மற்றொன்றாக மாற்றத் தெரிந்த வாசகருக்கு ஊரின் நிலவரம் விளங்கும். மற்றவர் அதிகாரி சொல்வதை நம்ப வேண்டியதுதான்.

சென்ற இதழில் 1956ஆம் ஆண்டின் நிறை, அளவைத் தரச் சட்டம் சந்தைக்குள் நுழைந்த கதையைப் பார்த்தோம். 1957 ஏப்ரலில் நயா பைசா, 1958 அக்டோபரில் கிலோகிராம், 1962 ஏப்ரலில் பழைய முறைகளுக்குத் தடை. ஏறத்தாழ 44 கோடிப் பேர் வாழ்ந்த நாட்டில் இத்தனை குறுகிய காலத்தில் சேரும் தோலாவும் போயின. பாலும் மண்ணெண்ணெயும் பெட்ரோலும் லிட்டருக்கு வந்தன.

ஆறுகள் வரவில்லை.

கிருஷ்ணாவும் காவிரியும் இன்றுவரை அடிக்கணக்கில்தான் பங்கிடப்படுகின்றன. ஏன் என்று கேட்டால் விடை தேடப் புனே நல்ல இடம். பழைய அணை, பொறியியல் கல்லூரி, நீரியல் ஆய்வு நிலையம், நாட்டையே உலுக்கிய ஓர் அணை உடைப்பு, இன்றும் ஓயாத நீர் வழக்கு என எல்லாம் முட்டா என்ற ஒரே சிற்றாற்றைச் சுற்றி நடந்தவை.

பேஷ்வாக்கள் காலத்துப் புனே தண்ணீரை அளந்து கொடுக்கவில்லை. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் நானாசாஹேப் பேஷ்வா காத்ரஜில் நீர் தேக்கி, தரைக்கடியில் கட்டிய கால்வாய் வழியாகச் சனிவார் வாடா அரண்மனைக்கும் பேட்டைகளுக்கும் கொண்டுவந்தார். அந்த நீர் வந்து விழும் கல்தொட்டிக்கு ஹௌத் என்று பெயர். ஹௌத் நிறைந்திருந்தால் நல்ல காலம், வற்றினால் கஷ்ட காலம். அங்கே அளவை என்ற ஒன்று வேண்டியிருந்தது தானியத்துக்குத்தான். இரண்டு சிப்டே ஒரு மாப்டே, இரண்டு மாப்டே ஒரு ஷேர், நான்கு ஷேர் ஒரு பாயலி, பதினாறு பாயலி ஒரு மண், இருபது மண் ஒரு கண்டி என்று மராட்டிய வாய்பாடு ஓடும். ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி என்று இரட்டித்துப் போகும் நம் வாய்பாட்டை அறிந்தவருக்கு இது உடனே பிடிபடும். இரண்டு ஊரிலும் இரட்டித்ததற்குக் காரணம் ஒன்றே: எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஒரு குவியலைக் கண்ணால் பார்த்துச் சரிபாதியாக்கலாம். பத்தாகப் பிரிப்பது யாருக்கும் கடினம். குறை என்னவென்றால் பாயலி ஊருக்கு ஊர் மாறியது.

ஆங்கிலேயர் கொண்டுவந்த காலனும் அப்படியொன்றும் பழம்பெரும் அளவல்ல. இங்கிலாந்தில் திராட்சை மதுவுக்கு ஒரு காலன், பீருக்கு ஒரு காலன், தானியத்துக்கு ஒரு காலன் என்று புழங்கிவந்ததை ஒழித்து, 1824இல்தான் நாடாளுமன்றம் ஒரே காலனை வகுத்தது. 62 பாரன்ஹீட் வெப்பத்தில் 10 பவுண்டு எடையுள்ள தண்ணீர் கொள்ளும் இடமே அந்த இம்பீரியல் காலன். அதற்குள் அமெரிக்கா தனி நாடாகிவிட்டதால் அது பழைய மதுக் காலனையே வைத்துக்கொண்டது. இம்பீரியல் காலன் 4.546 லிட்டர், அமெரிக்கக் காலன் 3.785 லிட்டர். ஒரே பெயருக்குள் ஐந்தில் ஒரு பங்கு வித்தியாசம். எந்த நாட்டுக் காலன் என்று கேட்காமல் ஒரு பம்பின் திறனைப் படிப்பவர் இன்றும் ஏமாறலாம்.

அந்த முறையின் உண்மையான பலவீனம் வேறு இடத்தில் இருந்தது. கொள்ளளவுக்கான காலன் எடைக்கான பவுண்டிலிருந்து பிறந்தாலும், நீளத்துக்கான அடி இரண்டோடும் ஒட்டாமல் தனியே பிறந்தது. ஒரு கன அடிக்குள் 6.23 காலன் தண்ணீர் அடங்கும். அதன் எடை 62.4 பவுண்டு. இந்த எண்களில் எதுவும் முழு எண்ணாக நிற்காது. மெட்ரிக் முறையில் பத்து சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரம் ஒரு லிட்டர், அதில் நிற்கும் தண்ணீர் ஒரு கிலோ. காலன் காலத்துப் பொறியாளர் அட்டவணைப் புத்தகம் இல்லாமல் அணையைக் குழாயோடு இணைத்துக் கணக்கிட முடியாது.

புனேயில் அந்த இணைப்பு கடக்வாஸ்லாவில் தொடங்கியது. அதற்கு முன் 1850 வாக்கில், பம்பாயின் பார்சி வணிகப் பிரபு சர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயின் நன்கொடையில் ஆற்றுக்குக் குறுக்கே ஓர் அணைக்கட்டு எழுந்திருந்தது. இன்றைய பண்ட் கார்டன் பகுதிக்குப் பெயர் தந்தது அதுதான். ஊர் பெருகப் பெருக அது போதவில்லை. ராயல் என்ஜினியர்ஸைச் சேர்ந்த கர்னல் ஃபைஃப் முன்னின்று நடத்திய திட்டத்தில், 1860களின் இறுதியில் கடக்வாஸ்லாவில் கல் அணை வேலை தொடங்கி, 1880ஐ ஒட்டி முடிந்தது. நீர்த்தேக்கத்துக்கு அவர் பெயரையே சூட்டி ஃபைஃப் ஏரி என்றார்கள். இந்தியாவில் அந்தப் பரிமாணத்தில் கட்டப்பட்ட முதல் கல் அணைகளில் அது ஒன்று.

அந்த அணைக்கு முதல் நாளிலிருந்தே இரண்டு வாடிக்கையாளர்கள். ஒருவர் புனே நகரமும் ராணுவக் குடியிருப்பும். அவர்களுக்குத் தண்ணீர் காலனில். மற்றவர் கால்வாய்க் கரை விவசாயி. அவருக்குக் கன அடியில். ஆக, அணைக்கு ஓர் அளவு, குழாய்க்கு ஓர் அளவு என்ற இன்றைய இரட்டைக் கணக்கு மெட்ரிக் முறையால் வந்த சிக்கல் அல்ல. காலன் இருந்த இடத்தில் பிற்பாடு லிட்டர் வந்து உட்கார்ந்தது, அவ்வளவே. கன அடி தன் இடத்தை விடவில்லை.

விடாததற்கு வலுவான காரணம் இருந்தது. விநாடிக்கு ஒரு கன அடி ஓடும் நீரைப் பாசன அதிகாரிகள் ஒரு கியூசெக் என்பார்கள். ஒரு கியூசெக் ஒரு மணி நேரம் ஓடினால் 3,600 கன அடி. ஓர் ஏக்கரில் ஓர் அங்குல உயரத்துக்கு நீர் நிற்க வேண்டியது 3,630 கன அடி. கிட்டத்தட்ட ஒன்றே. அதே கியூசெக் ஒரு நாள் முழுக்க ஓடினால் இரண்டு ஏக்கரில் ஓரடி நீர் நிற்கும். பிழை நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. இது எவரும் திட்டமிட்டுச் செய்ததல்ல, தற்செயலாக அமைந்த பொருத்தம். ஆனால் மதகின் மேல் நின்று விவசாயிக்குப் பதில் சொல்ல வேண்டிய அதிகாரிக்கு இதைவிடப் பெரிய வரம் கிடையாது. காகிதமும் பேனாவும் இல்லாமல், எத்தனை மணி நேரம் திறந்தால் எத்தனை ஏக்கர் நனையும் என்று அவரால் சொல்ல முடிந்தது. நிலம் ஏக்கரில் இருக்கும்வரை தண்ணீரும் அடியில் இருப்பதே அங்கே வசதி.

இந்த அளவைக் கருவியாக்கியவர்களில் இருவர் கடக்வாஸ்லாவோடு பிணைந்தவர்கள். புனேயின் அறிவியல் கல்லூரியில் 1883இல் தேறி, பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் சேர்ந்த எம். விஸ்வேஸ்வரய்யா முதலாமவர். கடக்வாஸ்லாவின் உபரி நீர் வழிந்தோடும் பகுதியில், வெள்ளம் ஒரு மட்டத்துக்கு மேல் ஏறினால் தானே திறந்து, வடிந்ததும் தானே மூடிக்கொள்ளும் கதவுகளை வடிவமைத்தார். 1903இல் அவை அங்கே பொருத்தப்பட்டன. கல் அணையை உயர்த்தாமலே தேக்கும் மட்டம் சுமார் 8 அடி உயர்ந்தது. தேக்கிய நீரை வயலுக்கு முறைவைத்துக் கொடுக்கும் வட்டார முறைப் பாசனத்தையும் அவர் தக்காணக் கால்வாய்களில் புகுத்தினார். முறைவைக்க வேண்டுமானால் அளந்தாக வேண்டும்.

அளப்பதை எளிதாக்கியவர் கிளாட் இங்கிலிஸ். 1916இல் பம்பாய் மாகாணத்தின் தனிப் பாசனப் பிரிவாகத் தொடங்கி, பின்னாளில் கடக்வாஸ்லாவில் மத்திய நீர் மற்றும் மின் ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்த அமைப்பை உருவாக்கியவர் அவரே. கால்வாயின் ஓரிடத்தைக் குறுக்கி, தரையில் ஒரு மேடு வைத்தால் நீர் வேகமெடுத்துத் தாண்டி, கீழ்ப்புறம் அலையாக எழுந்து நிற்கும். அந்த அலை நிற்கும்வரை கீழே என்ன நடந்தாலும் மேல்மட்டம் பாதிக்கப்படாது. எனவே மேல்புறம் ஒரே ஓர் அளவுகோலைப் பார்த்து, அட்டவணையில் ஒப்பிட்டால் ஓடும் நீரின் அளவு தெரிந்துவிடும். இத்தகைய அளவைத் தொட்டிகளை 1920களில் இங்கிலிஸ் செம்மைப்படுத்தினார். அளவுகோலில் அடிக் கோடுகள், அட்டவணையில் கியூசெக். நீர் மட்டத்தின் ஒன்றரை அடுக்குக்கு ஏற்ப ஓட்டம் கூடுவதால் மட்டத்தை மீட்டராக மாற்றினால் போதாது, அட்டவணை முழுவதையும் புதிதாகப் போட வேண்டும். இப்படிக் கால்வாய்தோறும் பதிந்துபோன அளவைச் சந்தைத் தராசைப் பிடுங்குவதுபோல் பிடுங்கிவிட முடியாது.

இந்த நிலையில்தான் 1956 சட்டம் வந்தது. அதன் கண் முதலில் போனது சந்தைக்கு. ஏழையின் பால் அளவில், எண்ணெய் அளவில் நடக்கும் ஏமாற்றைத் தடுப்பதே அவசரம் என்று ஆட்சியாளர்கள் நினைத்தது சரியே. பம்பாய் மாநிலம் 1958இல் தன் அமலாக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. அரசாங்க முத்திரை குத்திய லிட்டர் கலங்கள் கடைகளுக்கு வந்தன.

இங்கே லிட்டரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அப்போது லிட்டர் என்பது 1901இன் சர்வதேச வரையறைப்படி ஒரு கிலோ தண்ணீர் பிடிக்கும் இடம். அது பத்து சென்டிமீட்டர் கனசதுரத்தைவிட 10 லட்சத்தில் 28 பங்கு பெரிது. 1964இல்தான் சர்வதேச மாநாடு இரண்டையும் ஒன்றாக்கியது. பால்காரருக்கு இது ஒன்றுமேயில்லை. ஒரு டி.எம்.சி. நீரில் அந்தத் துணுக்கு ஏறத்தாழ 8 லட்சம் லிட்டர்.

நாடு பழைய அளவையிலிருந்து புதியதற்குப் பாதி தாண்டியிருந்தபோது, 1961 ஜூலை 12 அன்று, பான்ஷேத் உடைந்தது. கடக்வாஸ்லாவுக்கு மேலே அம்பி ஆற்றில் கட்டப்பட்டுவந்த மண் அணை அது. வேலை முழுமை பெறாமலே அந்த மழைக்காலத்தில் நீர் தேக்கப்பட்டது. அணையின் அடியில் நீர் வெளியேற்றும் சுரங்கக் குழாய்க்குக் கம்பி கட்டிய கான்கிரீட் போடப்பட்டிருக்கவில்லை. குழாயின் மேல் மண் இறங்கத் தொடங்கியது. ராணுவ வீரர்கள் இரவு முழுக்க மணல் மூட்டை அடுக்கிப் பார்த்தார்கள். காலையில் அணை போயிற்று. அந்த வெள்ளம் கடக்வாஸ்லாவை நிரப்பி மேலே வழிய, எண்பது ஆண்டுகள் நின்ற கல் அணையும் பிற்பகலில் உடைந்தது. ஆற்றோரப் பேட்டைகள் மூழ்கின. லக்டி புல் பாலம் நீருக்குள் மறைந்தது. ஆயிரம் பேர்வரை மாண்டதாகச் சொல்லப்படுகிறது. கடக்வாஸ்லா போனதும் குழாய்கள் வறண்டன. சேற்றில் கிடந்த ஊருக்குக் கிணற்று நீர்தான் கைகொடுத்தது.

அளவு மாற்றத்துக்கும் இந்த உடைப்புக்கும் தொடர்பில்லை. அவசரமும் குறைபட்ட கட்டுமானமும்தான் காரணம். ஆனால் இந்தப் பேரழிவு வேறொரு வழியில் நம் கதைக்குள் வருகிறது. அதற்குப் பின் பான்ஷேத் மறுபடி கட்டப்பட்டது, கடக்வாஸ்லா சீரமைக்கப்பட்டது, மோஸே ஆற்றில் வரஸ்காவும் முட்டாவின் தலைப்பகுதியில் டேம்கரும் சேர்ந்தன. ஃபைஃப் ஏரி ஒன்றை மட்டும் நம்பியிருந்த ஊர் நான்கு அணைகளின் ஊராயிற்று. புதிய அணைகளின் காலம் மெட்ரிக் காலம். அவற்றின் நீரைப் பங்கிட்ட தீர்ப்போ அடிக் காலத்தது.

முட்டா நதி முளாவோடு கலந்து பீமாவில் சேர்கிறது, பீமா கிருஷ்ணாவில். எனவே புனேயின் ஒவ்வொரு குடமும் கிருஷ்ணா கணக்கில் அடங்கும். அந்த ஆற்றைப் பங்கிட 1969 ஏப்ரலில் நீதிபதி பச்சாவத் தலைமையில் நடுவர் மன்றம் அமைந்தது. மெட்ரிக் சட்டம் வந்து பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனாலும் 1973 டிசம்பரில் வந்த தீர்ப்பு 2,060 டி.எம்.சி. நீரை மகாராஷ்டிரத்துக்கு 560, கர்நாடகத்துக்கு 700, ஆந்திரத்துக்கு 800 என்று டி.எம்.சி.யிலேயே பிரித்தது. மாநிலங்கள் கொண்டுவந்த பழைய ஒப்பந்தங்கள், திட்ட அறிக்கைகள், நூறாண்டு நீரோட்டப் பதிவுகள் எல்லாம் அந்த அளவில் இருந்ததால் வேறு வழி நடுவர்களுக்குத் தெரியவில்லை போலும். காவிரிக்கும் அதே கதைதான். 1990இல் அமைந்து 2007இல் தீர்ப்பளித்த நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்கு 419 டி.எம்.சி. என்றது, 2018இல் உச்ச நீதிமன்றம் அதை 404.25 ஆக்கியது.

மாற்றினால் என்ன? மகாராஷ்டிரத்தின் 560 டி.எம்.சி. 1,585.7 கோடி கன மீட்டர். அதாவது 15.857 பில்லியன் கன மீட்டர். வசதிக்காக யாராவது அதை 15.9 என்று முழுமையாக்கினால், சொல்லாமல் கொள்ளாமல் 1.5 டி.எம்.சி. கூடிவிடும். கடக்வாஸ்லா நீர்த்தேக்கத்தின் முக்கால் பங்கு அது. 15.8 என்று வெட்டினால் 2 டி.எம்.சி. காணாமல் போகும். முழு கடக்வாஸ்லாவும் போயிற்று. எந்த மாநிலத்து வழக்கறிஞர் இதற்குக் கையெழுத்திடுவார்? தசமப் புள்ளிக்குப் பின் ஒரு இலக்கத்துக்காக மீண்டும் பதினைந்து ஆண்டுகள் வாதாட வேண்டியிருக்கும். 560, 700, 800 என்ற எண்கள் மக்களின் நினைவில் உரிமையாகப் பதிந்துவிட்டவை. ஆறு அடியிலேயே நின்றதற்குச் சோம்பல் காரணமல்ல, இந்த அச்சம்தான்.

அச்சம் நியாயமானது. ஆனால் அதன் விலையைக் கொடுப்பவர் குழாயடியில் நிற்பவர்.

புனே மாநகராட்சிக்கும் மாநில நீர்வளத் துறைக்கும் நீண்ட காலமாக நடக்கும் வழக்கில் திரும்பத் திரும்ப வரும் எண் 11.5 டி.எம்.சி. ஓர் ஆண்டுக்கு நான்கு அணைகளிலிருந்து நகரத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்த அளவு அது. மாநகராட்சியோ நாளொன்றுக்கு மில்லியன் லிட்டர் கணக்கில், அதாவது எம்.எல்.டி.யில் பேசும். இரண்டையும் இணைக்க ஒரே ஒரு எண் போதும். ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. ஒரு கன அடிக்கு 28.317 லிட்டர் என்றால் ஒரு டி.எம்.சி. 2,831.7 கோடி லிட்டர். அதை 365 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 77.6 மில்லியன் லிட்டர். எனவே 11.5 டி.எம்.சி. என்பது 892 எம்.எல்.டி. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், மாநகராட்சி ஆயிரத்துக்கு மேல் ஒரு எண்ணைச் சொல்லும்போதே அந்த ஒதுக்கீடு தாண்டப்படுகிறது என்று எவருக்கும் புரியும். 1,350 எம்.எல்.டி. எடுத்தால் ஆண்டுக்கு 17.4 டி.எம்.சி.

இன்னும் ஓர் அடி முன்னே போகலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கில் புனே மாநகராட்சிப் பகுதியில் 31.2 லட்சம் பேர். 892 எம்.எல்.டி.யை அவர்களுக்குப் பிரித்தால் தலைக்கு 285 லிட்டர். மத்திய அரசின் குடிநீர் வழங்கல் நெறி பெருநகரங்களுக்குச் சொல்வது 150 லிட்டர். நீர்வளத் துறையின் குற்றச்சாட்டு இங்கிருந்து பிறக்கிறது. மாநகராட்சி சொல்லும் பதிலும் தள்ளிவிடத் தக்கதல்ல: ஊர் 2011இல் நின்றுவிடவில்லை, எல்லைக்குள் புதிய கிராமங்கள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன, அணையில் அளப்பதும் வீட்டில் வந்து விழுவதும் ஒன்றல்ல, நடுவில் கசிவு இருக்கிறது. இத்தனைக்கும் பிறகும் அதே ஊரில், குழாய் எட்டாத புறநகர்க் குடியிருப்புகளுக்கு 10,000 லிட்டர் டேங்கர் லாரிகள் ஓடுகின்றன. தலைக்கு 285 லிட்டர் என்பது சராசரி. சராசரியைக் குடத்தில் பிடிக்க முடியாது.

இந்த வழக்கில் மூன்றாவது தரப்பு ஒன்று உண்டு. கால்வாயின் கடைப்பகுதியான தௌண்ட், இந்தாபூர் வட்டங்களின் விவசாயிகள். ரபி பருவத்திலும் கோடையிலும் முறைவைத்து விடப்படும் நீரை அவர்கள் ஆவர்த்தன் என்கிறார்கள். ஒரு டி.எம்.சி. நீரை ஏக்கருக்கு மூன்று அங்குலம் என்று ஒரு தடவை பாய்ச்சினால், வழியில் ஆகும் இழப்பைக் கழிக்காமல், ஏறத்தாழ 92,000 ஏக்கர் நனையும். நகரம் கூடுதலாக எடுக்கும் ஒவ்வொரு 77.6 எம்.எல்.டி.யும் ஓர் ஆண்டில் அவ்வளவு நிலத்தின் ஒரு நனைப்பு. இதனால்தான் நகரம் பயன்படுத்திய நீரைச் சுத்திகரித்து, முண்ட்வாவில் இருந்து ஏற்றி, 6.5 டி.எம்.சி.யைப் பாசனக் கால்வாய்க்குத் திருப்பித் தர வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. எம்.எல்.டி.யில் அது 504. விவசாயி டி.எம்.சி. பேசுகிறார், நகரவாசி லிட்டர் பேசுகிறார். தன் குளியலறையின் எண்ணை அடுத்தவர் வயலின் எண்ணாக ஒருமுறையாவது மாற்றிப் பார்க்காதவர் இந்தச் சண்டையில் நியாயம் சொல்ல முடியாது.

மழைக்காலத்தில் இதே குழப்பம் உயிருக்கு ஆபத்தாகிறது. 2024 ஜூலை 25 அன்று, கடும் மழையில் கடக்வாஸ்லாவிலிருந்து திறக்கப்பட்ட நீர் விநாடிக்கு 35,000 கன அடியைத் தொட்டபோது, சிங்ககட் சாலையை ஒட்டிய ஏக்தா நகரி நீரில் மூழ்கியது. முன்கூட்டித் தகவல் வரவில்லை என்று குடியிருப்போர் குமுறினார்கள். தகவல் நேரத்துக்கு வந்திருந்தாலும், 35,000 கியூசெக் என்ற சொல் தரைத்தளத்தில் வசிப்பவருக்கு என்ன உணர்த்தும்? அது விநாடிக்கு ஏறத்தாழ 10 லட்சம் லிட்டர். தெருவில் வரும் டேங்கர் லாரி கணக்கில் விநாடிக்கு நூறு லாரி. மேலிருந்து வரத்து இல்லாவிட்டால் அந்த வேகத்தில் முழு கடக்வாஸ்லாவும் பதினைந்தரை மணி நேரத்தில் காலியாகிவிடும். இப்படிச் சொல்லப்பட்டிருந்தால் சிலர் வண்டியை மேட்டில் நிறுத்தியிருப்பார்கள், முதியவர்களை மாடிக்கு ஏற்றியிருப்பார்கள்.

செய்தித்தாள்களுக்கும் இதில் பங்குண்டு. 35,000 கன அடி திறப்பு என்று மட்டும் அச்சிட்டு, விநாடிக்கு என்பதை விட்டுவிடுவது மராத்தியிலும் தமிழிலும் அன்றாடப் பழக்கமாகிவிட்டது. விநாடியை எடுத்துவிட்டால் 35,000 கன அடி என்பது நூறு லாரி தண்ணீர் மட்டும்தான். ஆபத்தே இல்லாத அளவு.

தண்ணீரோடு நில்லாமல் மணலிலும் அடிதான் ஆட்சி செய்கிறது. புனேயில் வீடு கட்டுபவர் மணலும் ஜல்லியும் வாங்குவது பிராஸ் கணக்கில். ஒரு பிராஸ் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். நம் ஊரில் இதையே யூனிட் என்கிறோம். 2023இல் மகாராஷ்டிர அரசே மணல் விலையை அறிவித்தபோது பிராஸுக்கு 600 ரூபாய் என்றுதான் அறிவித்தது. வீட்டு வரைபடம் மீட்டரில், சிமெண்ட் மூட்டை கிலோவில், மணல் கன அடியில். மேஸ்திரிகள் மூன்றையும் கலந்து பிழையில்லாமல் கணக்குப் போடுகிறார்கள் என்பது அவர்களின் திறமை.

மாற்றவே முடியாதா என்றால், மாற்றிய நாடு இருக்கிறது. ஆஸ்திரேலியா 1970இல் மெட்ரிக் மாற்றச் சட்டம் கொண்டுவந்தது. அங்கே பாசன உரிமை ஏக்கர்-அடியில் இருந்தது. ஓர் ஏக்கர்-அடி 1.233 மெகாலிட்டர் என்ற விகிதத்தில் விவசாயியின் உரிமைப் பத்திரம்வரை மாற்றினார்கள். இன்று அங்கே அணைக்கும் வயலுக்கும் குழாய்க்கும் லிட்டரின் மடங்குகளே அளவு. அமெரிக்காவோ ஏக்கர்-அடியிலும் தன் பழைய காலனிலும் நிற்கிறது. இந்தியா இரண்டுக்கும் நடுவில். மத்திய நீர் ஆணையத்தின் வாராந்திர அணை அறிக்கை பில்லியன் கன மீட்டரில் வருகிறது. மகாராஷ்டிர நீர்வளத் துறை தன் பதிவுகளில் தலகமி என்ற சுருக்கத்தில் பத்து லட்சம் கன மீட்டரை எழுதுகிறது. ஆனால் அதே துறை பேட்டி கொடுக்கும்போது டி.எம்.சி. வந்துவிடுகிறது.

நடுவர் மன்றத் தீர்ப்புகளைத் திருத்த வேண்டியதில்லை. தினசரி அணை அறிக்கையில் டி.எம்.சி.க்குப் பக்கத்திலேயே லிட்டரையும், இருப்பு நகரத்துக்கு எத்தனை நாள் வரும் என்பதையும் அச்சிட்டால் போதும். அதற்குச் சட்டம் வேண்டாம், செலவும் இல்லை.

தமிழ் வாசகர்கள் இந்தக் கணக்கைத் தங்கள் ஊரிலேயே செய்து பார்க்கலாம். சென்னையின் செம்பரம்பாக்கம் ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி என்று ஒவ்வொரு மழைக்காலமும் படிக்கிறோம். 3.645 டி.எம்.சி. அதை 2,831.7 கோடியால் பெருக்கினால் 10,321 கோடி லிட்டர். நகரத்துக்கு நாளொன்றுக்கு 100 கோடி லிட்டர் என்று வைத்தால், ஆவியாவதைக் கணக்கில் சேர்க்காமல், நிறைந்த ஏரி 103 நாளுக்கு வரும். மேட்டூரில் விநாடிக்கு 11,574 கன அடி ஒரு முழு நாள் திறந்தால் ஒரு டி.எம்.சி. இறங்கும், 93.47 டி.எம்.சி. கொள்ளளவுள்ள அணையில், வரத்து நின்றுவிட்டால், அந்த வேகத்தில் மூன்று மாதமும் சில நாட்களும். ஜூன் 12 தண்ணீர் திறக்கும் செய்தி வரும்போது டெல்டா விவசாயி விரல்விட்டு எண்ணுவது இந்த எண்ணைத்தான்.

அடுத்த இதழில் நிலம்: குந்தாவும் ஏக்கரும் ஹெக்டேரும் மாவும் குழியும் ஒரே பத்திரத்தில் வந்து நிற்கும் கதை.

(தொடரும்)